மூளை ரத்தக்கசிவுக்குப் பின் குழாய்ச் சுருக்கம்: எந்த மருந்து, எந்த வழி, எத்தனை நாள்?

அனியூரிசம் (மூளை ரத்தக்குழாயில் பலூன் போலப் புடைத்த இடம்) வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் பரவியவருக்கு, அதை அடைக்கக் கிளிப்போ காயிலோ போட்டு முடித்ததும் குடும்பம் பெருமூச்சு விடுகிறது. ஐசியூவில் இருப்பவர்களுக்கோ அடுத்த கவலை அப்போதுதான் ஆரம்பம். கசிவு நடந்த மூன்று, நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கக்கூடும். ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அது உச்சத்தில் இருக்கும். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு பேருக்குச் சுருக்கம் தெரியும். கை கால் வராமல் போவது, பேச்சு குழறுவது, அரைமயக்கம் என்று அறிகுறி காட்டுபவர்கள் மொத்தத்தில் மூன்றில் ஒருவர்தான். ஆனால் அறுவை நன்றாக முடிந்தும் வீட்டுக்கு நடந்து போக முடியாமல் போகிறவர்களில் பலர் அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்கிறார்கள்.

அந்தச் சுருக்கத்தின் கெடுதலைத் தடுக்கக் கொடுக்கும் மருந்துகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில், இந்த ஒப்பீடு யாருக்கு? தானாக அனியூரிசம் வெடித்தவருக்கு மட்டும். திருமங்கலம் நான்குவழிச் சாலையில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கும் சிடியில் கிட்டத்தட்ட அதே இடத்தில் ரத்தம் தெரியும். இந்தச் சுருக்கத்துக்கான முதன்மை மருந்தான நிமோடிபின் அவருக்குப் பலன் தருவதில்லை என்பது சோதனைகளில் பார்த்தாயிற்று. பிபி ஏறி மூளைக்குள்ளேயே ரத்தம் கட்டியவருக்கும் இந்த மருந்து வேலை இல்லை. சீட்டில் 'மூளையில் ரத்தக்கசிவு' என்று மொட்டையாக எழுதியிருப்பதைப் பார்த்து எல்லாருக்கும் ஒரே மாத்திரை ஓடுவது பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடப்பதுதான்.

எதை வைத்து ஒப்பிடுவது?

கசிந்த ரத்தம் மூளையடியின் நீர் இடுக்குகளில் உறைந்து நிற்கிறது. சிவப்பணுக்கள் உடைந்து ஆக்ஸிஹீமோகுளோபின் வெளியே வருகிறது. அது குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுகிறது. குழாயை இறுக்கும் எண்டோதீலின் கூடுகிறது. தசைச் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து குழாய் இறுகிப்போகிறது. இது கண்ணுக்குத் தெரியும் பாதி. தெரியாத பாதியில் நுண்குழாய்களில் சிறு உறைகட்டிகள் சேர்கின்றன, மூளைப்புறணியில் மின்னலைகள் பரவிச் செல்களைச் சோர்வடைய வைக்கின்றன. ஆஞ்சியோவில் பெரிய குழாய் மட்டும்தான் தெரியும்.

அதனால்தான் 'ஆஞ்சியோவில் சுருக்கம் குறைந்தது' என்ற ஒரு வரியை நம்பி மருந்தைத் தேர்வு செய்யக் கூடாது. வாய்க்காலை அகலப்படுத்துவதும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. மூன்று மாதம் கழித்து நோயாளி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை வைத்தால் மருந்துப் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும்.

நிமோடிபின்: நிலைத்து நின்ற ஒன்று

1989-இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் 554 பேர் இருந்தார்கள். 60 மி.கி. நிமோடிபின், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள். மூளைத்திசு செத்துப்போனது மருந்து எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு. இறந்தவர்களும் பெரிதாக முடங்கியவர்களும் சேர்ந்து 20-க்கு 33 என்று இருந்தது. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளும் இதே திசையில்தான் நின்றன. அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் 2023 வழிகாட்டுதலிலும் வாய்வழி நிமோடிபினுக்குத்தான் முதல் இடம்.

வேடிக்கை என்னவென்றால் ஆஞ்சியோவில் இது பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. பலன் நுண்குழாயிலும் செல்லிலும் கிடைக்கிறது என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள். ஆகவே, "டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்ட வேகம் குறையவில்லை, மாத்திரை கேட்கவில்லை" என்று நடுவில் நிறுத்துவது தவறு. டாப்ளரைக் குறைப்பதற்காக அது கொடுக்கப்படவில்லை.

கணக்கு: ஒரு வேளைக்கு 30 மி.கி. மாத்திரை இரண்டு, நாளுக்கு ஆறு வேளை, 12 மாத்திரை. 21 நாளுக்கு 252. கசிவு நடந்த 96 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆஞ்சியோவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கம்பத்திலோ ராமநாதபுரத்திலோ சிடியில் கசிவு உறுதியாகி, பிபி நிலையாக இருந்து, விழுங்க முடிகிறது என்றால் முதல் வேளையைக் கொடுத்துவிட்டே மதுரைக்கு 108-இல் ஏற்றலாமா என்று அனுப்பும் டாக்டர் ஏற்கும் டாக்டரிடம் போனில் கேட்டுவிடுவது நல்லது. ரெஃபரல் சீட்டில் கொடுத்த நேரத்தையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும் அதே வேளை இரண்டாம் முறை விழும்.

கல்லீரல் சுருங்கியவர்களுக்கு, அதாவது சிரோசிஸ் உள்ளவர்களுக்கு, வேளைக்கு 30 மி.கி. போதும்.

இன்னொரு விபத்து பெயரில் வருகிறது. நிமோடிபின், நிஃபெடிபின், நிமெசுலைடு மூன்றும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். நிஃபெடிபின் பிபியைத் தடாலென்று தள்ளிவிடும். நிமெசுலைடு வெறும் வலி மாத்திரை. பனகல் சாலை மருந்துக்கடையில் வாங்கி வந்த அட்டையில் உள்ள மருந்துப் பெயரை வார்டு சிஸ்டரிடம் ஒரு முறை காட்டாமல் முதல் மாத்திரையைப் பிரிக்க வேண்டாம்.

மாத்திரையா, டிரிப்பா?

மதுரைப் பக்கம் உண்மையான வாதம் பெரும்பாலும் இதுதான். 'ஊசி என்றால் பவர் கூட' என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் உண்டு. 2009-இல் வெளியான ஒரு ஸ்வீடன் சோதனையில் 106 பேரை இரண்டு பிரிவாக்கி வாய்வழியையும் நரம்புவழியையும் நேருக்கு நேர் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. சோதனை சிறியது என்பது உண்மை. ஆனால் டிரிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் போட அதில் ஒன்றும் இல்லை.

டிரிப்பில் வேலையும் அதிகம். 50 மி.லி. குப்பியில் 10 மி.கி. மருந்து. மணிக்கு 1 மி.கி., அதாவது 5 மி.லி., என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து 10 மி.லி. ஆக்குவது வழக்கம். எடை 70 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ பிபி தள்ளாடினாலோ மணிக்கு 0.5 மி.கி.-யில்தான், அதாவது 2.5 மி.லி.-யில்தான், தொடங்க வேண்டும் என்று மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. நம் ஊரில் ஐசியூ கட்டிலில் படுத்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் எடை பெரும்பாலும் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தும் 5 மி.லி.-யில் ஆரம்பித்து, அரை மணியில் பிபி விழுந்து, 'இவருக்கு நிமோடிபின் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதி மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள்.

குழாயும் முக்கியம். நிமோடிபினை பிவிசி உறிஞ்சிக்கொள்ளும். வழக்கமான ஐவி செட், எக்ஸ்டென்ஷன் எல்லாம் பிவிசிதான். மருந்தின் ஒரு பங்கு குழாய்ச் சுவரிலேயே நின்றுவிடும். பாலிஎத்திலீன் குழாயும் பாலிபுரோப்பிலீன் சிரிஞ்சும் சேர்த்து வாங்க வேண்டும். பெரிய நரம்பில் போட்ட சென்ட்ரல் லைனில், மூவழி அடைப்பான் வழியாக, கூடவே ஓடும் திரவத்தோடு சேர்த்துத்தான் விட வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னலோரக் கட்டில் என்றால் நேர் வெயில் சிரிஞ்சில் படக் கூடாது. குப்பிக்கு 10 கிராம் அளவுக்கு எத்தனாலும், அதாவது ஆல்கஹாலும், இருக்கிறது. நாளுக்கு ஐந்து குப்பி ஓடினால் ஐம்பது கிராம். ஆல்கஹாலோடு சேரக் கூடாத மெட்ரோனிடசோல் ஓடிக்கொண்டிருப்பவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் குழாய்) வழியே எதுவும் ஏறாதவர், குடல் அசையாதவர், வாந்தி நிற்காதவர் ஆகியோருக்கு டிரிப் சரியான தேர்வு. மற்றவர்களுக்கு மாத்திரை. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது.

ட்யூப் வழி மாத்திரையில் தொல்லை வேறு மாதிரி வருகிறது. மயக்கத்தில் இருப்பவருக்குப் பொடித்துக் கொடுக்கும்போது ரத்தத்தில் சேரும் அளவு குறையலாம். அதைக் குறைந்தபட்சமாக்க வழி உண்டு. மாத்திரையை அந்தந்த வேளைக்குப் பொடிக்க வேண்டும். காலையிலேயே 12 மாத்திரையையும் இடித்துக் கிண்ணத்தில் வைத்தால் வெளிச்சத்தில் மருந்து கெடும். 15, 20 மி.லி. தண்ணீரில் கலக்கி ஏற்றி, கிண்ணத்தின் அடியில் ஒட்டியதை மறுபடி அலசி ஏற்றி, பிறகு 30 மி.லி. தண்ணீரால் ட்யூபைக் கழுவ வேண்டும். சாப்பாட்டோடு சேர்ந்தால் உறிஞ்சுவது குறையும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின் என்பது விதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கஞ்சி ஏற்றும் வார்டில் அது நடக்காது. கஞ்சியை 8, 12, 4, 8 என்று நான்கு மணி இடைவெளிக்கு மாற்றி, மாத்திரையை 6, 10, 2 என்று நடுவில் வைத்தால் சிக்கல் தீர்ந்தது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பொடித்துக் கரைத்ததை ஊசி சிரிஞ்சில் உறிஞ்சி வைக்கவே கூடாது. அது ஐவி லைனில் பொருந்தும். காப்ஸ்யூல் திரவத்தை நரம்பில் ஏற்றியதால் உயிர்கள் போனதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் மறுபடி எச்சரித்தது. ட்யூபுக்கான தனி வாய் கொண்ட சிரிஞ்சு, அதன் மேல் 'வாய்வழி மட்டும்' என்று ஒரு ஒட்டுத்தாள். செலவு ஒன்றுமில்லை.

பிபி விழும்போது

நிமோடிபினின் பெரிய பக்கவிளைவு இதுதான். வேளையைத் தவறவிடவும் இதுவே முதல் காரணம். வேளைகள் விட்டுப்போனால் பின்னால் மூளையில் ரத்தக்குறை வருவது கூடுகிறது என்று கவனித்திருக்கிறார்கள். ஆகவே வேளையை ரத்து செய்வது கடைசி வழி. முதலில் 60 மி.கி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதை 30 மி.கி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பிரியுங்கள். நாள் மொத்தம் மாறாது, பள்ளம் ஆழம் குறையும். பழைய பிபி மாத்திரையான டெல்மிசார்டானோ அம்லோடிபினோ இன்னும் ஓடுகிறதா என்று சார்ட்டைப் பாருங்கள். நீர்ச்சத்து போதுமா என்று பாருங்கள். தேவைப்பட்டால் பிபியை ஏற்றும் நோர்அட்ரினலினைச் சிறிய அளவில் வைத்தாவது மாத்திரையைத் தொடரலாம்.

நீர்ச்சத்து விஷயத்தில் பழைய பழக்கம் ஒன்று ஆபத்தானது. கசிவுக்குப் பிறகு சோடியம் இறங்குவது சகஜம். சிறுநீரில் உப்பும் தண்ணீரும் சேர்ந்து போகிறது. 'சோடியம் குறைவு, தண்ணீரைக் குறை' என்று எழுதினால் சுருங்கிய குழாய்க்குள் ரத்தமும் குறையும். இங்கே தண்ணீரை நிறுத்தாமல் உப்பைக் கொடுக்க வேண்டும், சில நேரம் உடலில் உப்பை நிறுத்தி வைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத வார்டுக்கு மாறும் நாளில் நீர்க் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

மருந்துகளுக்குள் சண்டையும் உண்டு. ஃபெனிடாய்ன், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டால், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை கல்லீரல் நொதியைத் தூண்டி நிமோடிபினைக் கரைத்துவிடும். 60 மி.கி. உள்ளே போகும், பலனுக்கு மிஞ்சுவது கொஞ்சம். வலிப்பு வராமல் இருக்க எப்டாயின், அதாவது ஃபெனிடாய்ன், போடுவது நம் ஊரில் கைப்பழக்கம். 2023 வழிகாட்டுதல் இந்த நோயில் ஃபெனிடாய்னைத் தடுப்பாகக் கொடுப்பது கெடுதல் என்றே சொல்கிறது. தேவையென்றால் லெவெடிராசெட்டாம். எதிர்ப்பக்கம் கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல், கிரேப்ஃப்ரூட் ஆகியவை நிமோடிபினை ஏற்றிவிடும். பம்பளிமாஸ் அதே குடும்பம். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பழப்பையில் அது இருந்தால் 21 நாளுக்கு மற்றவர்கள் சாப்பிடட்டும்.

கூடவே இன்னொன்று சேர்க்கலாமா?

மெக்னீசியம்: வேண்டாம். பிரசவ வார்டில் எப்போதும் இருக்கும் மருந்து, விலை குறைவு, கால்சியத்துக்கு எதிரி என்பதால் ஆசை பெரிதாக இருந்தது. 2012-இல் வந்த சோதனையில் 1,204 பேர், நாளுக்கு 64 மில்லிமோல். அது 1 கிராம் ஆம்பியூல் பதினாறு. பலன் பூஜ்யம். ரத்தத்தில் குறைந்தால் ஈடுகட்டுங்கள், அவ்வளவுதான்.

ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை): 2014-இல் 803 பேரிடம் சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. பார்த்தார்கள். பலன் இல்லை. ஏற்கெனவே மாரடைப்புக்காகச் சாப்பிட்டு வந்தவர் தொடரட்டும், புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

கிளாசோசென்டான் கதை சுவாரசியமானது. எண்டோதீலினை நேரடியாக அடைக்கும் மருந்து. 413 பேர் இருந்த முதல் பெரிய சோதனையில், மணிக்கு 15 மி.கி. கொடுத்தபோது ஆஞ்சியோவில் தெரியும் பெரிய சுருக்கம் 66 சதவீதத்திலிருந்து 23-க்கு இறங்கியது. இதைவிட அழகான படம் இந்தத் துறையில் வந்ததில்லை. பிறகு 1,157 பேரிடம் மணிக்கு 5 மி.கி. பார்த்தார்கள், மூன்று மாத நிலை மாறவில்லை. நுரையீரலில் நீர் கோப்பது, ரத்தசோகை, பிபி விழுவது மூன்றும் கூடின. ஜப்பான் தன் சொந்தச் சோதனைகளை வைத்து 2022-இல் மணிக்கு 10 மி.கி. அளவில் அனுமதித்தது. அடுத்து வந்த பன்னாட்டுச் சோதனை மறுபடி தோற்றது. 'வெளிநாட்டில் ஒரு மருந்து இருக்காமே, வரவழைக்க முடியுமா' என்று காசு புரட்டத் தயாராக நிற்கும் மகனுக்கு நேரான பதில்: இதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டாம்.

குழாயைத் தளர்த்தும் ஃபாசுடில் 1995 முதல் ஜப்பானில் உண்டு. 30 மி.கி., நாளுக்கு மூன்று முறை, இரண்டு வாரம். ஆதாரம் சிறிய சோதனைகளில் நிற்கிறது.

சிலோஸ்டசோலை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கால் ரத்தக்குழாய் அடைப்புக்காக மதுரை மருந்துக்கடைகளில் கிடைக்கும் சாதாரண மாத்திரை, 100 மி.கி., நாளுக்கு இரண்டு. ஜப்பானின் சிறிய சோதனைகளில் சுருக்கமும் மூளைத்திசு சாவதும் குறைந்தன. ஆனால் பெரிய சோதனை கையில் இல்லை. இதயம் தளர்ந்தவருக்கு இது தடை. அனியூரிசம் வெடித்த அதிர்ச்சியில் இதயமே சில நாள் சோர்ந்துபோவது இந்த நோயில் அடிக்கடி நடக்கும். எக்கோ பார்க்காமல் இதை ஆரம்பிக்கவே கூடாது. தட்டணுக்களையும் மந்தமாக்கும், மண்டையில் ட்ரெயின் (நீரை வடிக்கும் குழாய்) இருக்கும்போது அதையும் எண்ண வேண்டும். என் தராசில் இது இரண்டாம் இடம், அதுவும் வெகு தூரத்தில். நிமோடிபினுக்குப் பதிலாக அல்ல, எக்கோ சரியாக இருந்து மூத்த மருத்துவர் பொறுப்பேற்றால் கூடுதலாக.

நிமோடிபினின் குடும்பத்தைச் சேர்ந்த நிக்கார்டிபின் நரம்பில் ஓடியபோது சுருக்கம் குறைந்தது, இறுதி நிலை மாறவில்லை. மூளை நீரறைக்குள் நேரடியாகச் செலுத்துவது சில மையங்களில் நடக்கிறது. ஒவ்வொரு தடவை ட்ரெயினைத் திறக்கும்போதும் கிருமி நுழைய வழி திறக்கிறது.

மருந்து இல்லாத ஒன்று இந்த வரிசையில் முந்திக்கொண்டது. 2023-இல் வெளியான சோதனையில் 287 பேர். முதுகில் சிறு குழாய் வைத்து மணிக்கு 5 மி.லி. நீரை வெளியேற்றினார்கள், ரத்தக் கறையும் சேர்ந்து வெளியேறியது. ஆறு மாதத்தில் மோசமான நிலை 44.8-இலிருந்து 32.6 சதவீதமாகக் குறைந்தது. அனியூரிசத்தை அடைத்த பிறகு, ஸ்கேனில் மூளை பிதுங்கும் அபாயம் இல்லை என்று பார்த்த பிறகு மட்டும். சேர்க்க ஒன்று வேண்டும் என்றால் இன்னொரு மருந்தைவிட இதைப் பற்றிக் கேட்பது மேல்.

பிபியை முன்கூட்டியே ஏற்றி, திரவத்தை நிறைய ஏற்றும் பழைய முறை தடுப்புக்குக் கூடாது. அறிகுறி வந்த பிறகு, அனியூரிசம் அடைபட்டிருந்தால், நோர்அட்ரினலினால் பிபியை ஏற்றிப் பேச்சு திரும்புகிறதா, கை அசைகிறதா என்று பார்ப்பது வேறு விஷயம். குழாயைத் தளர்த்தும் மில்ரினோனும் அந்தக் கட்டத்துக்கு உரியது, தடுப்பு மருந்து அல்ல.

வீட்டுக்குப் போகும் சீட்டு

பத்து, பன்னிரண்டு நாளில் நன்றாகத் தேறியவரை அனுப்பிவிடுவார்கள். 12 நாள் முடிந்து போகிறவருக்கு இன்னும் ஒன்பது நாள், 108 மாத்திரை பாக்கி. நம் ஊர்ச் சீட்டில் 1-1-1, 1-0-1 என்று மூன்று கட்டம்தான். ஆறு வேளை மருந்தை அதற்குள் திணித்தால் '1-1-1' ஆகிவிடுகிறது. 360 மி.கி. போக வேண்டிய இடத்தில் 90 மி.கி. போகும். உசிலம்பட்டி மருந்துக்கடைக்காரருக்கு அதில் சந்தேகம் வர வழியே இல்லை, ஏனென்றால் சீட்டு வழக்கம்போலத்தான் இருக்கிறது. எனவே கட்டத்தை விட்டுவிட்டு எழுத்தில் எழுத வேண்டும்: "காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, 2 மணிக்கு இரண்டிரண்டு மாத்திரை, இன்ன தேதி வரை." முழு எண்ணிக்கையும் டிஸ்சார்ஜ் அன்றே கையில் இருக்க வேண்டும், சின்ன ஊர்க் கடைகளில் இது எப்போதும் இருப்பில் இருக்கும் மாத்திரை இல்லை. முதலமைச்சர் காப்பீட்டில் சேர்ந்தவர்கள், மீதி மாத்திரை யார் கணக்கில் என்பதையும் அங்கேயே காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும்.

இரவு இரண்டு மணி வேளைதான் வீட்டில் முதலில் விழும். நல்லா தூங்குறாரே, எதுக்கு எழுப்பணும் என்று மனசு வராது. வார்டு சிஸ்டர்கள் சொல்லி அனுப்புவது இப்படித்தான்: "அக்கா, தூக்கத்தப் பாக்காதீங்க. போன்ல அலாரம் வச்சு எழுப்பி, ரெண்டு மாத்திரையக் குடுத்துட்டு மறுபடி படுக்கச் சொல்லுங்க." எழுப்புவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பெயரைக் கேட்கலாம், இரண்டு கையையும் தூக்கச் சொல்லலாம். பேச்சு குழறினாலோ ஒரு கை கீழே சரிந்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் 108. எழுந்து உட்காரும்போது தலை சுற்றினால் பிபி பார்த்துவிட்டு அறுவை செய்த யூனிட்டுக்குப் போன் செய்ய வேண்டும், தானாக மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

21 நாள் முடிந்ததும் நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. அனுமதியான அன்று நிறுத்தி வைத்த பழைய பிபி மாத்திரையை எந்தத் தேதியில், எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பது சீட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத சீட்டை வாங்கிக்கொண்டு வார்டை விட்டு இறங்க வேண்டாம்.